தொலைக்காட்சியின் முன் ஓர் அயலான்

கூடலூர்ப் பகுதியில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவின் பழைய மாணவர் ஒருவர், ஜப்பானிலிருந்து விடுப்பில் வந்தவர், சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தார். நகோயா நகருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் எட்டாண்டுகளாகப் பணிபுரிகின்றவர். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். அந்நாட்டைப் பற்றி அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் ஆவலாய் இருந்தனர். அதிவேக இரயிலைப் பற்றியோ ஊதியத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. தொலைக்காட்சியைப் பற்றிப் பேசினார்.

அவர் பேச்சின் முடிவில், அங்கிருந்த பெரியவர் ஒருவர், நமக்கு நெடுநாள் நண்பர், சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார்: “பிழைக்கப் போனவன் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே ஹஜரத்? இவனுக்காக ஒரு நாட்டுத் தொலைக்காட்சி தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா?”

அன்று நாம் பதில் கூறவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அது ஒருவர் வாயில் தற்செயலாய் வந்த சொல்லன்று. இந்த மலையில் வாழும் நம்மிற் பலருடைய உள்ளத்தில் வேரோடியிருக்கும் எண்ணம் அது. ஆதலின் இக்கட்டுரையை அதற்கு மறுப்பாகவே எழுதுகின்றோம்.

முதலில் மாணவர் சொன்னவற்றைக் கேளுங்கள்.

அவர் அங்குச் சென்ற முதற் குளிர்காலத்தில், முன்பு அவ்வறையில் குடியிருந்தவர் விட்டுச்சென்ற பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே துணையாக இருந்ததாம். சில நாட்களில் கதவைத் தட்டி ஒருவர் வந்தார். என்.எச்.கே. எனப்படும் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றார். 1950-ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் ஒளிபரப்பைப் பெறத்தக்க கருவி வைத்திருப்பவர் எவராயினும் அதனோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இவ்விதி செல்லுபடியாகும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பும் அளித்துள்ளது. அயல்நாட்டவன், மொழி அறியாதவன் என்பதற்காக விலக்கு இல்லை. நம் நாட்டிலும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்று இருந்ததை மூத்தோர் அறிவர். 1980-களின் நடுவில் அது நீங்கிற்று.

“புரியாத பெட்டிக்குப் பணம் கட்டினேன் உஸ்தாத்” என்றார் மாணவர். திரையெங்கும் எழுத்து, பேசுகின்றவர் சொல்லும் சொல்லே வண்ண வண்ணமாய்த் திரையில் குதிக்கும், ஒரு மூலையில் சிறு கட்டத்துக்குள் மற்றொருவர் முகம் வியந்துகொண்டிருக்கும், என்ன வியப்பு என்றுதான் தெரியாது. ரமலான் மாதத்தில் அது ஒரு சோதனையாகவே ஆயிற்றாம். எந்த அலைவரிசையைத் திருப்பினும் எவரேனும் ஒருவர் ஆவி பறக்கும் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருப்பார். நோன்பு துறக்கும் நேரத்தை எதிர்நோக்கித் தனியறையில் அமர்ந்திருப்பவனுக்கு அதைவிடக் கொடிய காட்சி உண்டா என்று அவர் கேட்டபோது திண்ணை முழுவதும் சிரித்தது.

மொழியை அவர் கற்றது குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலிருந்து. 1959 முதல் நடந்துவரும் காலை நிகழ்ச்சி ஒன்று. தாயோடு அமர்ந்து சிறுவர் பார்ப்பதற்கானது. அதில் பல் துலக்குவதையும் உடை உடுத்துவதையும் பாட்டாய்ப் பாடுவார்களாம். இருபத்தாறு வயது இளைஞர் அதைப் பார்த்து வாயசைத்துச் சொல் பயின்றார். பிறகு ஸூமோ மற்போர். ஆண்டுக்கு ஆறு முறை, முறைக்குப் பதினைந்து நாள். அமெரிக்காவின் ஹவாயில் பிறந்த அகேபோனோ என்பார் 1993-இல் அக்கலையின் மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்ற முதல் அயல்நாட்டவர். அவருக்குப் பின் மங்கோலியர் பலர் அப்படியை எட்டினர். வென்ற மங்கோலியர் மூச்சிரைக்க ஜப்பானிய மொழியில் பேட்டி கொடுப்பதைக் கண்டபோது, தமக்கும் ஒரு நாள் இம்மொழி வசப்படும் என்ற நம்பிக்கை பிறந்ததாகச் சொன்னார்.

அடுத்து அவர் சொன்னதே நம்மை உலுக்கியது. 2024-ஆம் ஆண்டு முதல் நாள், மாலை நான்கு மணி பத்து நிமிடம். நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவிலான நிலநடுக்கம். இவர் இருந்த இடம் தொலைவாயினும் பெட்டியில் எச்சரிக்கை ஓசை எழுந்தது. ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தது. வழக்கமாக மெல்லப் பேசும் செய்தி வாசிப்பாளர் அன்று கூவினார். ‘உடனே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள்’ என்ற கருத்தில் கட்டளையாகவே கூவினார். திரையிலோ, கற்றவர்க்கே உரிய சீன வரிவடிவங்களை விட்டு, முதல் வகுப்புக் குழந்தையும் வாசிக்கும் எளிய அசையெழுத்தில், ‘ஆழிப்பேரலை! ஓடு!’ என்று பெரிதாய் எழுதப்பட்டிருந்தது. “எட்டாண்டுகளில் அன்றுதான் அந்தப் பெட்டி என்னைப் பார்த்துப் பேசியது உஸ்தாத்” என்றார் அவர்.

பெட்டி ஒருவனைப் பார்த்துப் பேசுவது என்றால் என்ன? நம் நண்பரின் கேள்விக்கு விடை இதில்தான் அடங்கியிருக்கிறது. அந்நாடு இப்பேச்சை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. நூறாண்டுப் பாடம் அது. குருதியில் எழுதிய பாடம்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகஹாமா நகரங்களை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தன. இலட்சம் பேர் மாண்டனர். அப்போது அந்நாட்டில் வானொலி ஒலிபரப்பு இல்லை. செய்தி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறியது. அங்குப் பிழைக்க வந்திருந்த கொரியர்கள் கிணற்றில் நஞ்சிடுகின்றனர், தீ வைக்கின்றனர் என்ற பொய் பரவிற்று. தெருக்களில் தடி ஏந்திய கூட்டத்தார் வழிமறித்து, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். அச்சொல்லின் ஒலிகள் கொரியர் நாவுக்கு எளிதில் வாரா. நாப் பிறழ்ந்தவரை அவ்விடத்திலேயே கொன்றனர். கொல்லப்பட்டோர் ஆயிரக்கணக்கில் என்பது ஆய்வாளர் பலர் கூற்று. ‘எம் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே’ என்ற வாக்கியம், அதன் கடைசி எல்லையில், இவ்வுருவத்தையே எடுக்கும் என்பதை நம் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். ஈராண்டுகள் கழித்து, 1925 மார்ச் 22-இல் டோக்கியோவில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது.

வானொலி வந்தது, 1953-இல் தொலைக்காட்சியும் வந்தது. ஆயினும் 1995 ஜனவரி 17-இல் கோபே நகரில் நிலம் நடுங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அங்கு வாழ்ந்த அயல்நாட்டார் பெட்டி முன்னும் வானொலி முன்னும் அமர்ந்து ஒன்றும் புரியாமல் தவித்தனர். குடிநீர் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், எந்த வீட்டுக்குள் நுழையலாகாது என்பதெல்லாம் அவர்கள் அறியா மொழியில் சொல்லப்பட்டன. அத்தவிப்பிலிருந்து இரண்டு நன்மைகள் பிறந்தன. ஒன்று, அந்நகரின் நகாத்தா வட்டாரத்தில் கொரிய, வியட்நாமிய மொழிகளில் ஒலிக்கும் சிறு சமூக வானொலி. மற்றொன்று, ஹிரோஸாகி பல்கலைக்கழகத்து மொழியியலார் வகுத்த ‘எளிய ஜப்பானியம்’. உலகத்து மொழிகள் அனைத்திலும் உடனே மொழிபெயர்க்க இயலாது. ஆனால் நம் மொழியையே எளிதாக்கிச் சொல்ல இயலும் என்பது அவர்கள் கண்ட வழி. ‘மேட்டுநிலத்துக்குப் புலம்பெயர்க’ என்பதை ‘உயரமான இடத்துக்கு ஓடுங்கள்’ என்று சொன்னால் அயலானும் பிழைப்பான், சொந்த ஊர்ச் சிறுவனும் பிழைப்பான். 2012-இல் என்.எச்.கே. நிறுவனம் அயல்நாட்டாருக்கும் பள்ளிச் சிறுவருக்கும் என எளிய மொழிச் செய்தியைத் தொடங்கியது. அதில் கடினமான ஒவ்வொரு சீன எழுத்தின் மேலும் அதன் ஒலியைக் காட்டும் சிற்றெழுத்துகளைப் பதித்தனர்.

எழுத்தின் மேல் சிற்றெழுத்து என்று மாணவர் சொன்னதும் நமக்கு வேறொன்று நினைவு வந்தது. அரபு ஓதிய எவர்க்கும் வரும். இன்று நம் குழந்தைகள் குர்ஆனை விரல் வைத்து ஓதுகின்றனரே, எழுத்தின் மேலும் கீழும் ஜபர், ஜேர், பேஷ் என்று குறியிட்டிருக்கின்றதே, அக்குறிகள் யாருக்காக வந்தன? தாய்ப்பாலோடு அரபைப் பருகிய பாலைவன அரபிக்கு அவை தேவைப்படவில்லை. பாரசீகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் புதிதாய் வந்து சேர்ந்தவர்கள் ஓதுகையில் ஓர் உயிரொலி மாறியதால் பொருளே தலைகீழாயிற்று. அதைக் கேட்டுத் திடுக்கிட்டே அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் புள்ளியிட்டுக் குறிகாட்டத் தொடங்கினார் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் அதை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தார். அவர் மாணவர் ஸீபவைஹி, பாரசீகர், அரபு இலக்கணத்தின் தலையாய நூலை இயற்றினார். அயலானுக்காக எடுத்த சிரமம் மொழியைக் கெடுத்ததா? அம்மொழியைக் காத்ததே அந்தச் சிரமம்தான். இன்று அரபியின் குழந்தையும் அக்குறியைப் பார்த்தே ஓதுகிறது.

இன்னும் முன்னே செல்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தபோது, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு இளைஞர் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் குரலாக அபிசீனிய வழிவந்த பிலால் (ரலி) அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொரு தூதரும் அவரவர் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்பது மறையின் கருத்து. தெளிவாய் விளங்குவதற்காகவே அவ்வாறு என்பதும் அதனோடு சேர்ந்த கருத்து. நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் அரபுத்தமிழில் நூல் செய்ததும் இதற்காகவே அன்றோ? அரபெழுத்தை மட்டும் அறிந்திருந்த வீட்டுப் பெண்களுக்குத் தமிழ்ப் பொருளை அவ்வெழுத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ‘இவர்கள் கற்றுக்கொள்ளட்டும், பிறகு சொல்வோம்’ என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரியில் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று எத்தனை மக்கள், எத்தனை மொழிகள்! தமிழும் மலையாளமும் கன்னடமும் தக்னி உருதுவும் இவற்றின்மேல். இம்மலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து புரியாமல் விழித்த அனுபவம் நமக்குப் புதிதன்று. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் நிலையம் தொடங்கியது; 1982-இல் தில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு வந்தது. நாம் சிறுவராய் இருந்தபோது குன்னூரில் உறவினர் வீட்டில் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர், கீழிருந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று கூவ ஒருவர், உள்ளே திரையைப் பார்த்துச் சொல்ல ஒருவர். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த படத்தில் இரவு நெடுக இந்தி பேசினார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நடக்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் நாம் நம் சொந்த நாட்டிலேயே அயலார்.

அவ்வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று; அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் இம்மலையில் தொடங்கிற்று, அதுவே பிறகு ‘டான்டீ’ என்ற கழகமாயிற்று. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தவர் அவர். ஜப்பானின் கொடையால் 1982-இல் நிறுவப்பட்ட ரூபவாஹினித் தொலைக்காட்சியை நுவரெலியாக் கடையொன்றின் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஒரு நாள் நம் வீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னது: “அங்க சிங்களத்துல சொன்னான், இங்க இந்தியில சொல்றான். நம்ம பக்கம் திரும்பி ஒருத்தனும் சொல்லல தம்பி.” ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தியும் இருந்தது என்பது உண்மையே. எனினும் இரு நாடுகளிலும் பெட்டியின் முன் கடைசி வரிசையில் நின்ற மனிதனின் சொல் அது. இதற்கு மாறான அனுபவமும் நமக்கு உண்டு. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை கடல் கடந்து தமிழில் நமக்கு ஒலித்தபோது எவ்வளவு உரிமையோடு கேட்டோம்! ஒரு சிறுபான்மையை அதன் மொழியில் விளித்துப் பேசினால் அம்மக்கள் நெஞ்சில் அது எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்று தமிழ்த் தொலைக்காட்சிகள் பெருகிவிட்டன. அவை நம்மிடம் பேசுகின்றனவா? 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் நம் செய்தி அலைவரிசைகளைப் பாருங்கள். மழைச்சட்டை அணிந்த செய்தியாளர் நனைந்துகொண்டே நிற்பார். விழுந்த மரமொன்றை நூறு முறை காட்டுவர். பின்னணியில் முரசு முழங்கும். சுற்றுலா செல்வோர் பயணத்தைத் தள்ளிப்போடுமாறு கேட்டுக்கொள்வர். சென்னையில் இருப்பவனுக்கு நீலகிரியைக் காட்டுகின்றனர். நீலகிரியில் இருப்பவனுக்கு என்ன சொன்னார்கள்? ‘கனமழை முதல் மிகக் கனமழை பெய்யக்கூடும்’ என்றனர். இது தமிழ்தான், ஆனால் சரிவின் கீழே லைன் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் நம் சொந்தத் தமிழ்த் தாய்க்கு அது என்ன மொழி? ‘இன்றிரவு இந்த வீட்டில் தூங்காதே, பள்ளிக்கூடத்துக்குப் போ’ என்று எந்தப் பெட்டி சொல்லிற்று?

அத்தாயின் பக்கத்து வீட்டில் இன்று யார் இருக்கின்றார்கள் என்பதையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட கூடையை அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் சுமக்கிறார்கள். ஜப்பானில் நம் மாணவர் எப்படியோ, இம்மலையில் இவர்கள் அப்படி. நம் தேயிலையைக் கிள்ளுகின்றார்கள். நம் கடையில் அரிசி வாங்குகின்றார்கள். அவர்கள் வாங்கும் பொருளில் வரி நமக்கு வந்து சேர்கிறது. ஆனால் நம் செய்தியில் அவர்கள் குற்றவாளியாகவோ கூட்டமாகவோதான் தோன்றுகின்றனர். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சியவர் பலர் இரயில் நிலையங்களுக்கு ஓடினர். அப்போது நம் காவல்துறையே இந்தியில் பேசி அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. பொய் அவர்கள் மொழியில் ஒரே இரவில் வந்து சேர்ந்தது. உண்மை பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது. வதந்திக்கு எல்லா மொழியும் தெரியும். எச்சரிக்கைக்குத்தான் ஒரு மொழிக்கு மேல் தெரிவதில்லை.

இவ்வளவு கூறிவிட்டு நம் குற்றத்தை மறைப்பது முறையாகாது. 2019 ஆகஸ்டில் மழை விடாது பெய்த ஓர் இரவு, கீழேயுள்ள லைன் வீடுகளில் இருப்போர் வெளியேற வேண்டும் என்று அறிவிக்குமாறு ஊரார் பள்ளிவாசலுக்கு வந்து கேட்டனர். ஒலிபெருக்கியில் அறிவித்தவர் நாமே. செந்தமிழில், மரியாதையான நீண்ட வாக்கியங்களில், மும்முறை அறிவித்தோம். தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் மேலேறி வந்தன. கடைசி வரிசையிலிருந்த அஸ்ஸாம் குடும்பங்கள் வரவில்லை. பள்ளிவாசலில் ஏதோ ஓதுகின்றனர் என்று எண்ணிப் படுத்துவிட்டார்களாம். விடியுமுன் பின்சுவர்மேல் மண் சரிந்தது. அல்லாஹ்வின் அருளால் உயிரிழப்பு இல்லை; ஆனால் ஒரு பெண்ணின் கால் நசுங்கியது. இன்றும் அவர் தாங்கித் தாங்கியே நடக்கிறார். அவர்களில் இருவர் வெள்ளிதோறும் நம் பின்னே தொழுபவர்கள். நாம் அரபில் குத்பா ஓதுகின்றோம், தமிழில் பயான் செய்கின்றோம்; இரண்டும் புரியாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவ்விருவரை நாம் ஒரு நாளும் ‘உங்களுக்கு விளங்குகிறதா’ என்று கேட்டதில்லை. நம் நண்பரின் சொல் முள்ளாய்த் தைத்ததன் காரணம் இதுவே. அவர் வாயால் சொன்னதை நாம் செயலால் முன்பே சொல்லியிருந்தோம்.

இனி, எழக்கூடிய மறுப்புகள் சில.

இது இந்திக்கு வாசலைத் திறந்துவிடும் வேலை என்பர் சிலர். 1937-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற நாடு இது. அந்நிலைப்பாட்டில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவன் தன் மொழியைப் பிறன்மேல் சுமத்துவது வேறு. அபயம் தேடி நிற்பவனுக்கு அவன் மொழியில் விடை கூறுவது வேறு. முன்னதை எதிர்த்த அதே நியாயம் பின்னதைச் செய்யுமாறு நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. புரியாத பெட்டியின் முன் அமர்த்தப்படுவது எத்தகைய இழிவு என்று தில்லியிடம் வாதிட்டவர்கள் நாம். அவ்விழிவை இன்னொருவனுக்குச் செய்யும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அயலான் மொழியைக் கற்கட்டும் என்பர். கற்கட்டும், நாமே கற்பிக்கவும் வேண்டும். நம் மாணவர் பல் துலக்கும் பாட்டிலிருந்து தொடங்கிக் கற்றார். ஆனால் அதற்கு அவருக்கு ஆண்டுகள் ஆயின. சரியும் மலை யாருக்கும் ஆண்டுக்கணக்கில் தவணை தருவதில்லை. 2024 ஜூலை 30 அன்று, நம் பந்தலூருக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நள்ளிரவில் மண்ணோடு போனபோது மாண்டவர்களில் எத்தனை மொழி பேசுவோர் இருந்தனர் என்று வெள்ளம் கேட்டுப் பார்க்கவில்லை.

தொலைக்காட்சி ஒரு கேளிக்கைப் பெட்டி. ஆலிம்களுக்கு அதில் என்ன வேலை என்பர் நம்மவரில் சிலர். அப்பெட்டியில் வரும் ஆபாசத்தையும் வீண்பேச்சையும் கண்டித்து நாமும் பேசியுள்ளோம். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் பெட்டியைத் திட்டிவிட்டுத் திரும்பி அமர்ந்துகொள்வதால் அதன்மேலுள்ள நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஓர் ஒலிபரப்பே. அதில் நாம் செய்த பிழையை மேலே கூறிவிட்டோம்.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்பதும் ஒரு வாதம். இருக்கிறது, அதில் அவர்கள் தம் ஊர்ப் பாட்டையும் படத்தையும் பார்க்கிறார்கள். இந்த மலையைப் பற்றி அது அவர்களுக்கு என்ன சொல்லும்? அவர்கள் கையிலிருக்கும் திரை அவர்களை நம்மிடமிருந்து இன்னும் தொலைவாக்குகிறதே தவிர அருகே கொணரவில்லை.

ஜப்பானைப் பொன்னுலகாகக் காட்டுவதும் நம் நோக்கமன்று. அந்நாட்டுத் திரையிலும் அயலான் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளே. விமான நிலையத்தில் அயல்நாட்டாரை நிறுத்தி, எதற்காக வந்தீர் என்று கேட்டுச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று அங்கு நெடுங்காலமாய் நடக்கிறது. 2024 இறுதியில் முப்பத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டார் அங்கே வாழ்ந்தனர். அவர்களில் எத்தனை பேரை அத்திரை வந்துபோகும் விருந்தினராய் அன்றி, அண்டை வீட்டாராய்க் காட்டுகிறது? நம் மாணவர் எட்டாண்டுகளில் ஒரு முறைதான் தம்மைப் பார்த்துப் பெட்டி பேசியதாகச் சொன்னார் என்பதை மறக்க வேண்டா. ஆயினும் அந்த ஒரு முறை அவர்கள் கூச்சமின்றித் தம் கற்றோர் எழுத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தை எழுத்தில் கூவினார்கள். நாம் அந்த ஒரு முறைக்கேனும் ஆயத்தமா?

நாம் கேட்பது பெரிதன்று. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில், தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் திரையின் அடியில் ஓடும் வரியை எளிய தமிழில் எழுதட்டும்: எந்த ஊர், எப்போது, எங்கே போவது. அதே மூன்று செய்தியை மலையாளத்திலும் இந்தியிலும் அஸ்ஸாமியத்திலும் ஒடியாவிலும் அடுத்தடுத்து ஓடவிடட்டும். எழுத்தில்லாத மலைமொழிகளுக்குக் குரல் கொடுக்கட்டும். உதகை வானொலி நிலையமும் கோத்தகிரியின் சமூக வானொலியும் மலைமக்களின் மொழிகளில் பேசிக் காட்டியுள்ளன. ஆதலின் இயலாது என்று எவரும் சொல்ல வேண்டா. தோட்ட நிர்வாகங்கள் லைன் வீடுதோறும் ஒருவரையேனும் இதற்குப் பழக்கட்டும். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதுவாயினும், ஒலிபெருக்கி வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் தன்னைச் சுற்றி எத்தனை மொழியினர் வாழ்கின்றனர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் எண்ணிப் பார்த்தோம். நம் பள்ளிவாசலைச் சுற்றி ஆறு மொழிகள். அந்த அஸ்ஸாம் சகோதரர் இருவரையும் அழைத்து, மாணவரின் கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிந்து வைத்தோம். வீட்டை விட்டு வெளியேறு, பள்ளிக்கூடத்துக்கு வா, குழந்தையைத் தூக்கிக்கொள், பொருளை விடு என்று இவ்வளவே சொல்லுமாறு கேட்டோம். அவர்களில் மூத்தவர் நாம் கேட்டதைவிடச் சற்று நீளமாகவே பேசினார். கடைசியாகச் சேர்த்தது என்ன என்று மாணவர் வாயிலாகக் கேட்டபோது, “இது ஓதல் அல்ல, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்” என்று சொன்னேன் என்றார்.

அந்த வாக்கியம் நமக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. வாசக அன்பர்களே, உங்கள் ஊரில் அதைச் சொல்லத் தெரிந்தவர் யார் என்று அடுத்த மழைக்கு முன் தேடிக் கண்டுகொள்ளுங்கள்.